திண்ணைப் பதில்கள்: தோப்பு விழுந்த மறுநாள்

'இடுக்கண் வருங்கால் நகுக' என்கிறாரே வள்ளுவர், நடக்கிற காரியமா? நீங்கள் அப்படிச் சிரித்திருக்கிறீர்களா?
– ஒரு வாசகர், மதுரை

ஒரே ஒரு தடவை சிரித்திருக்கிறேன். ஆரம்பித்து வைத்தது நானில்லை.

2018 நவம்பர் 16. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், எங்கள் பேராவூரணிப் பக்கத்தையும் உழுதுவிட்டுப் போனது. ராத்திரி காற்று ஒரு பக்கமிருந்து அறைந்தது, அப்புறம் கொஞ்ச நேரம் ஓய்ந்தது. சரி, முடிந்தது என்று கதவைத் திறந்தேன். எதிர்ப்பக்கமிருந்து ஆரம்பித்தது. முதல் காற்றில் தூர் ஆடிப்போன மரங்களை அடுத்த காற்று சாய்த்தது.

இரண்டு ஏக்கரில் 140 தென்னை, அப்பா வைத்தது. விடிந்ததும் எண்ணிப் பார்த்தேன். 11 மரம் நின்றது. வரப்பில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி பக்கத்தில் வந்து, "தேங்கா பறிக்க ஆளே கெடைக்கலன்னு பொலம்புவீங்களே, இனிமே நின்ன எடத்துலேயே பறிச்சிக்கலாம்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியாது. வள்ளுவர் சொன்ன சிரிப்பு இதுதானா என்பதைத் தமிழாசிரியர்களிடம் கேளுங்கள்.

எனக்கு அந்த அதிகாரத்தில் 621-ஐவிட 624-ஆம் குறள்தான் நெருக்கம். தடை வந்த இடத்திலெல்லாம் வண்டியை விடாமல் இழுக்கும் மாட்டைப் போன்றவனிடம் வந்தால், அந்தத் துன்பமே துன்பப்பட்டுப் போகுமாம். சின்ன வயதில் அக்கினியாற்று மணலில் எங்கள் வண்டி புதைந்தது. தேங்காய் மட்டை பாரம். இடத்து மாடு முன்னங்கால் இரண்டையும் மடக்கி முட்டி போட்டு, மூக்கு மணலில் உரச இழுத்தது. அதன் முகத்தில் சிரிப்பெல்லாம் இல்லை. வாயில் நுரைதான்.

கஷ்ட காலத்தில் ஜோசியம் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

நானும் பார்த்தேன். ஏழரைச் சனி என்றார். "ஊர் முழுக்க ஒரே ராசியா?" என்று கேட்டேன். அவர் வீட்டு ஓடும் பறந்திருந்தது, பாவம். தட்சணை வைத்துவிட்டு வந்தேன்.

பனியன் தைத்துக் கொடுக்கும் யூனிட் நடத்திய என் தம்பி நட்டப்பட்டு மெஷின்களை விற்றுவிட்டான். நான்கு மாதமாக வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. என்ன சொல்லித் தேற்றுவது?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

சொல்லித் தேற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, சகோதரி. புயலுக்கு அப்புறம் எங்கள் வீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார் ஒருவர். அவருக்குக் காப்பி போட வீட்டில் தண்ணீர் இல்லை. கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, வாடகை ஜெனரேட்டர் வைத்துத் தெருத் தெருவாகத் தொட்டி நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் அறந்தாங்கியிலிருந்து என் மைத்துனர் வந்தார். மரம் அறுக்கும் மெஷின், ஒரு கேன் பெட்ரோல், இரண்டு குடம் தண்ணீர். வாசலில் நின்றபடியே, "மச்சான், எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்றார். அன்றைக்கு எழுந்திருக்கும் எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னைத் தவிர யாருக்கும் பதில் தெரியாதே! போய்க் காட்டினேன். வடக்கு மூலையில் நாலு மரம் கேணிக்குப் போகிற வழியை மறித்துக் கிடந்தது. அறுத்ததை அப்படியே போட்டு வைக்கவும் முடியாது. மக்கிய தென்னைத் தடியில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், அப்புறம் பிழைத்த மரத்தின் குருத்தைக் குடையும். பொழுது சாயும்போது எனக்குப் பசித்தது. புயலுக்குப் பிறகு அன்றுதான் பசித்தது.

தம்பிக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வி ஒன்றைக் கொண்டு போங்கள். "தையல் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, வந்து பார்" என்று கூப்பிடுங்கள். வராவிட்டால் மெஷினையே அவர் வீட்டில் கொண்டுபோய் இறக்குங்கள். யாருக்கு எவ்வளவு கடன் என்பதை அப்புறம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பேசலாம்.

ஆனால் நான்கு மாதம் அதிகம். டாக்டரிடம் எப்படியும் கூட்டிப் போங்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள், தனியே விடாதீர்கள். 104, 14416 இரண்டுமே மனநல உதவிக்கு எந்த நேரமும் கூப்பிடக்கூடிய எண்கள். தமிழிலேயே பேசலாம்.

மறுபடி தென்னைதான் வைத்தீர்களா? அந்த வயதில் யாருக்காக?
– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

கேட்பது பட்டுக்கோட்டைக்காரர், அதனால் கோபம் வரவில்லை. எனக்கு அப்போது 61. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். நிவாரணமாக மரத்துக்கு 600, அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய் வந்தது. மரம் அறுக்கவும் வேரோடு பெயர்ந்த பள்ளங்களை மூடவுமே அதில் பெரும்பங்கு போனது. மிச்சத்தில் 25 அடிக்கு ஒரு குழி, மூன்றடி ஆழம். பாதிக் குழியில் நெட்டை, பாதியில் நெட்டை-குட்டை ஒட்டு. ஒட்டு என் அவசரத்துக்கு, நெட்டை பேரனுக்கு என்று சொல்லிக்கொண்டேன். பேரன் சென்னையில் கம்ப்யூட்டர் படிக்கிறான், அது வேறு விஷயம். கன்று வளரும்வரை இடையில் உளுந்து போட்டோம், அப்புறம் வாழை.

நின்ற 11 மரத்தில் நாலைக் கூன்வண்டு கொண்டுபோனது. ஒட்டு ஐந்தாம் வருஷம் பாளை விட்டது. முதல் வெட்டில் 46 காய். ஆள் தேடவில்லை. என் வீட்டுக்காரி தரையில் நின்றபடியே அரிவாளால் வெட்டிப் போட்டாள். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்கிறாள். இன்னும் பாக்கி இருக்கிறது.