எடை குறைத்தால் பிள்ளையின் மெட்டபாலிசம் படுத்துவிடுமா?

உங்கள் 12 வயது மகன் 150 செ.மீ. உயரம், 60 கிலோ. "இந்த வயசுல எடையைக் குறைச்சா மெட்டபாலிசம் படுத்துடும், அப்புறம் பச்சத்தண்ணி குடிச்சாலும் உடம்பு போடும்" என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரி எரிக்கும் வேகம், குறையும், படுத்துவிடாது. எவ்வளவு குறையும் என்று யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை, அதனால்தான் இந்தப் பயம்.

முதலில் ஒன்று. குண்டான பிள்ளைக்கு மெட்டபாலிசம் மந்தம் என்பதே பெரும்பாலும் தவறு. பெரிய உடம்பில் கொழுப்போடு தசையும் கூடுதலாகவே இருக்கும். சும்மா படுத்திருக்கும்போதுகூட அவன் தன் வயது ஒல்லிப் பையனைவிட அதிகமாகவே எரிக்கிறான். இப்படி ஓய்வில் ஒரு நாளில் எரிவதை (ஓய்வுநிலைச் செலவு) கணிக்க, 10 முதல் 18 வயது ஆண்பிள்ளைகளுக்கான ஸ்கோஃபீல்டு சூத்திரம்: எடையை 17.686 ஆல் பெருக்கி 658 கூட்ட வேண்டும். 60 கிலோவுக்கு சுமார் 1,719 கலோரி, 55 கிலோவுக்கு சுமார் 1,631. ஐந்து கிலோ இறங்கினால் ஓய்வுநிலைச் செலவில் குறைவது நாளுக்கு 88 கலோரி. 300 மில்லி இனிப்புக் குளிர்பானத்தில் இதைவிட அதிகம் இருக்கிறது. சூத்திரம் சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

"படுத்துவிடும்" என்ற பேச்சு பரவியதற்கு ஒரு காரணம் 2016இல் வந்த ஆய்வு. அமெரிக்க டிவி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேருக்கு, ஆறு வருடம் கழித்தும் ஓய்வுநிலைச் செலவு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்கள் எல்லோரும் பெரியவர்கள். 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ இறக்கியவர்கள். அதைக் கொண்டுவந்து வளர்கிற பையன் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

உண்மையில் காலை வாருவது பசி. கொழுப்பு குறைந்தால், கொழுப்பிலிருந்து சுரந்து பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்கும், மூளை அதைப் பட்டினி என்று எடுத்துக்கொள்ளும். பெரியவர்களிடம் போட்ட கணக்குப்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் செலவு நாளுக்கு 20-30 கலோரிதான் சரியும். பசியோ 100 கலோரி அளவுக்கு ஏறும். பிள்ளைகளுக்கு இதே எண் என்று நான் சொல்லவில்லை, போக்கு இதுதான். வீட்டில் நடப்பதைப் பாருங்கள்: சில மாதத்தில் எடை இறங்குவது நின்றுபோகும். "மெட்டபாலிசம் நின்னுடுச்சு" என்று வீட்டார் சாப்பாட்டை இன்னும் குறைப்பார்கள். பையன் ஒளித்துச் சாப்பிட ஆரம்பிப்பான், ஓடியாடுவதும் குறையும். கொழுப்போடு தசையும் போகும். அளவு மீறினால் உயர வளர்ச்சியே தடைபடலாம், பித்தப்பைக் கல்லும் வரலாம்.

பிள்ளைகளுக்கு நம்மிடம் இல்லாத ஒரு வசதி உண்டு: உயரம். எடை 60லேயே நிற்க, உயரம் 157 ஆனால் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 26.7இலிருந்து 24.3 ஆகிவிடும். அதனால் முதல் இலக்கு எடை ஏறாமல் பிடித்து நிறுத்துவது. மருத்துவர் குறைக்கச் சொன்னால், இந்த வயதில் வாரம் 900 கிராம் என்பது உச்சவரம்பு, எட்ட வேண்டிய இலக்கு அல்ல. கலோரியைக் குடிப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும், பசி தாங்கும். தினம் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும் விளையாட்டு, அதில் வாரம் மூன்று நாளாவது தசைக்கு வேலை. ஒரு கிலோ தசை ஓய்வில் எரிப்பது நாளுக்கு 13 கலோரிதான், "தசை ஏத்து, கொழுப்பு தானா எரியும்" என்ற ஜிம் விளம்பரத்தை நம்ப வேண்டாம். இருக்கிற தசை கரையாமல் காக்கத்தான் அந்தத் தசைப் பயிற்சி. தூக்கம் 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

இன்சுலின் வேலை செய்யும் திறன், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, கல்லீரல் நொதி எல்லாம் சுமாரான எடைக்குறைப்பிலேயே சீராகத் தொடங்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் வரும் கழுத்துக் கருமை மெதுவாகத்தான் மங்கும். தேய்த்தால் போகாது, அது அழுக்கு இல்லை.

தைராய்டு பற்றியும் கேட்பீர்கள். குண்டான பிள்ளைகளுக்கு டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) சரியாக இருந்து, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மட்டும் 5-10க்குள் ஏறியிருப்பது சகஜம். பெரும்பாலும் அது எடையின் விளைவு, காரணம் அல்ல. எடை குறைந்தால் தானே இறங்கும். எடைக்காக மாத்திரை கேட்டு நச்சரிக்காதீர்கள். ஆனால் எடை ஏறுகிறது, உயரம் மட்டும் நின்றுவிட்டது என்றால் தாமதிக்காமல் காட்டுங்கள். சாதாரண உடல்பருமன் உள்ள பிள்ளை வயதுக்குச் சற்று உயரமாகவே இருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் தாங்கவில்லை. ஏறி நின்றால் "மெட்டபாலிக் வயது 38" என்று சீட்டு துப்பும் மெஷின்! ஓய்வுநிலைச் செலவை அளக்க, இரவு முழுக்க வெறும் வயிற்றோடு இருந்து, தலைக்கு மேல் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒன்றை வைத்து, அரைமணி அசையாமல் படுத்து, மூச்சில் போகும் ஆக்சிஜனையும் வரும் கார்பன் டை ஆக்சைடையும் கணக்கெடுக்க வேண்டும். இந்த மெஷின் பாதத்தில் லேசாக மின்சாரம் விட்டு, மீதியைச் சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது, அவ்வளவுதான். 12 வயதுப் பையன் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்து அழவைப்பதற்குக் காசு வேறு வாங்குகிறார்கள்.