எலெக்ட்ரானிக் டிரம்ல ஸ்னேர் பேட் அடியை விழுங்குதா? முதல்ல ஒயரை மாத்திப் பாருங்க

மாட்யூல்ல (பேடெல்லாம் சொருகுற, சத்தம் தர்ற பெட்டி) சென்சிடிவிட்டியை, அதாவது அடியை எவ்வளவு நுணுக்கமா எடுக்கணும்ங்கிற அளவை, இப்போதைக்குத் தொடாதீங்க. ஸ்னேர் மட்டும் நாலு அடிக்கு ஒண்ணை விழுங்குது, அடிச்சும் சத்தம் வரலை, மத்த பேடெல்லாம் சரியா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அது பெரும்பாலும் ஒயர் இல்லைன்னா ஜாக் கோளாறுதான். மேலூர், உசிலம்பட்டின்னு வேன்ல ஏத்தி இறக்குற செட்டுல முதல்ல போறது அதுதான்.

1. டாம் பேடுல (செட்டுல இருக்குற இன்னொரு டிரம் பேட்) இருக்குற ஒயரை உருவி ஸ்னேர் பேடுல சொருகி அடிங்க. டாம் சத்தம்தான் வரும், பரவாயில்லை. ஒரே அளவுல ஐம்பது அடி. ஒண்ணுகூட விடலைன்னா பேட் நல்லா இருக்கு.

2. இப்ப ஸ்னேர் ஒயரை டாம் பேடுல சொருகி, ஜாக் பக்கம் லேசா ஆட்டிக்கிட்டே அடிங்க. சத்தம் அறுந்தா ஒயரை மாத்துங்க. கண்டிப்பா ஸ்டீரியோ ஒயரா வாங்குங்க. மோனோ போட்டா ரிம் (பேடோட விளிம்பு) சத்தம் வராது.

முதல் சோதனையிலயே அடி விட்டுப்போனா பேடுக்குள்ளதான் கோளாறு. உள்ள பியெசோன்னு மெல்லிசா ஒரு வட்டத் தகடு ஒட்டியிருக்கும். நம்ம சித்திரை வெயில்ல மூடின வேனுக்குள்ள கிடந்தா அந்தப் பசை இளகிரும். தகட்டுல இருந்து வர்ற மெல்லிசு ஒயரோட பற்றவைப்பும் விட்டுப்போகும். சரி பண்ணக்கூடியதுதான், பயப்படாதீங்க.

ஆனா வாரண்டி இருந்தா நீங்களே திறக்காதீங்க. இன்னொண்ணு, அடிக்காமலே சத்தம் வந்தா அது வேற கதை: பக்கத்து பேட் அதிர்வு ஸ்டாண்டு வழியா ஏறுது. அதுக்குத்தான் மாட்யூல்ல த்ரெஷோல்டை, அதாவது குறைஞ்சது எவ்வளவு பலமா அடிச்சா சத்தம் வரணும்ங்கிற அளவை, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். ரொம்ப ஏத்தினா மெல்லிசு அடியெல்லாம் போயிரும்.