14-க்கு 14: நூறு சதவீதத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி: மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். உள்ளூர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதிய 14 பேரும் பாஸ். ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் 80 பேர் எழுதி 70 பேர் பாஸ். உள்ளூரிலேயே சேர்த்துவிடலாமா? – வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: அந்த நூறைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். 14 பேரில் இரண்டு பிள்ளைகள் தவறியிருந்தால் 85.7 சதவீதம், பக்கத்து ஊரின் 87.5-க்குக் கீழே போயிருக்கும். இரண்டு பள்ளிகளுக்கும் ஐந்து வருடக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்.

அடுத்து, எழுதியவர்கள் எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டு, அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். எட்டு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை; வடிகட்டல் நடந்தால் ஒன்பதில்தான். ஒன்பதில் 19 பேர் இருந்து பத்தில் 14 பேர் எழுதியிருந்தால், உண்மைக் கணக்கு 73.7 சதவீதம். மீதி ஐந்து பேர் ஊர் மாறிப் போனார்களா, நின்றுவிட்டார்களா, டி.சி. கொடுத்து அனுப்பப்பட்டார்களா என்பது சேர்க்கைப் பதிவேட்டில் தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், கூட்டத்தில் கேட்கலாம். மழுப்பினால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

மதிப்பெண்ணில் கணக்குப் பாடத்தைப் பாருங்கள். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்குப் போய்விடுவதால் அது பள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. கணக்கில் 35-க்கும் 40-க்கும் நடுவில் பாதி வகுப்பு நின்றால், மெல்லக் கற்போர் கையேட்டை உருப்போட்டுக் கரையேறியிருக்கிறார்கள் என்று பொருள். பாஸ்தான், ஆனால் பதினொன்றில் கணக்குப் பிரிவு எடுத்தால் திணறுவார்கள்.

கடைசியாக ஆசிரியர்கள். கணக்குக்குப் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா, மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறாரா, பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் தரும் தற்காலிக ஆளா? ஒரு வருடம் அந்த இடம் காலியாகக் கிடந்தால் பாதிப்பு சில வருடம் கழித்துக்கூட ரிசல்ட்டில் தெரியலாம்.

என் சாய்வு மேல்நிலைப் பள்ளி பக்கம்தான். உள்ளூரில் படித்தாலும் பதினொன்றுக்கு மாறித்தான் ஆக வேண்டும். ஆனால் மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்தபின் ஊருக்குப் பஸ் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் இத்தனை கணக்கும் வீண்.

கேள்வி: எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் 23 பிள்ளைகள், ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். தரம் குறைவுதானே?

பதில்: 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. புறக்கணிப்பு என்று சொல்ல முடியாது. தரத்தை நீங்களே சோதிக்கலாம். நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அது பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். மனப்பாடமான பாடம் ஏமாற்றிவிடும். பிறகு கடன் வாங்கிக் கழிக்கும் ஒரு கணக்கு, 52-இல் 27 போல. விடை எதுவாக வந்தாலும் வழியைக் கேளுங்கள். 35 என்றால், சின்ன இலக்கத்தைப் பெரியதிலிருந்து கழித்திருக்கிறது. சரியான விடை 25.