முன்பணம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள அம்மா,

மலேசியாவின் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் முடித்த மகளுக்கு லண்டனில் எம்.ஏ. இடம் கிடைத்திருக்கிறது, இபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்து முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். மகளின் திறமையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் பிரிட்டனில் ஓராண்டு எம்.ஏ.வுக்கு வெளிநாட்டு மாணவர்களிடம் பெரும்பாலும் 20,000 பவுண்டுக்கு மேல் வாங்குகிறார்கள். நம் காசில் ஒரு லட்சம் வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டிவிடும். வாடகையும் சாப்பாடும் தனி. உங்கள் முதுமைக்காக வைத்த பணம் அது.

பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உபகாரச் சம்பளம் பற்றியும் கேட்டீர்கள். நல்ல உதவிதான், ஆனால் இரண்டு வருட, அதாவது 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். இப்போதுதான் பட்டம் வாங்கியவருக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் உபகாரச் சம்பளத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. கிடைத்தால் கட்டணம் போக மாதம் 1,400 யூரோ தருவார்கள். மகள் அதற்குக் கட்டாயம் விண்ணப்பிக்கட்டும்.

நான் அதிகம் நம்புவது அமெரிக்காவின் உதவி ஆசிரியர் பணியைத்தான். முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தால் படிப்புக் கட்டணம் தள்ளுபடி, மாதாமாதம் கையில் பணம். பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் இதைப் பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர்களுக்கே கொடுத்துவிடுகின்றன. அதனால் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் போல ஆங்கிலத்தில் எம்.ஏ.வோடு நிறுத்திக்கொள்ளும் துறைகளைத் தேடச் சொல்லுங்கள். அங்கே வகுப்பெடுக்க எம்.ஏ. மாணவர்கள்தான் இருக்கிறார்கள். ஆராய்ச்சியில் உறுதியான ஆசை இருந்தால், பி.ஏ.வை வைத்தே நேராகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கவும் அங்கே வழி உண்டு.

துறைக்கு மின்னஞ்சல் எழுதும்போது பொதுவாக "உதவி கிடைக்குமா?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேட்கட்டும்: "இந்த வருடம் சேர்ந்த எம்.ஏ. மாணவர்களில் எத்தனை பேருக்கு முழுக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைத்தது? இரண்டாம் ஆண்டுக்கும் அது உறுதியா? மருத்துவக் காப்புறுதியும் இதரக் கட்டணங்களும் யார் பொறுப்பு?" அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டுப் போய், அங்கே தவித்த பிள்ளைகள் உண்டு. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்றும் கேட்கலாம், அதில் வெட்கம் எதற்கு?

மதிப்பெண்ணைவிட, விண்ணப்பத்தோடு அனுப்பும் எழுத்து மாதிரிக்குத்தான் அங்கே கனம் அதிகம். மகள் அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். முதல் மூன்று பக்கம் நாவலின் கதையைச் சொல்கிறது. நான்காம் பக்கத்தில், வேலைக்காரப் பெண் பேசாமல் நிற்கும் அந்த ஒரு காட்சியை எடுத்து அலசுகிறாரே, அங்கேதான் கட்டுரை உயிர் பெறுகிறது. அதிலிருந்தே தொடங்கி மறுபடி எழுதட்டும். பரிந்துரைக் கடிதத்துக்கு விரிவுரையாளர்களிடம் இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். பேச்சு ஆங்கிலத்துக்குத் தனி மதிப்பெண் கேட்கும் துறைகள் உண்டு, டோஃபல் ஆங்கிலத் தேர்வு எழுதும்போது அதைக் கவனிக்கட்டும்.

பல துறைகளுக்கு இறுதி நாள் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வரும். அப்புறம், உதவித்தொகையோடு இடம் தந்தால், பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. அவசரப்படுத்தினால் பயந்து ஒப்புக்கொள்ள வேண்டாம்.

லண்டன் இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று இந்த வாரமே மகளை எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.