முழு மூச்சு இழுக்க முடியலையே, இது பதற்றமா? – கேள்வி பதில்

நுரையீரல் பிரிவில் 14 வருடம் செவிலியராக இருந்தவள் நான். நேரில் பார்க்காமல் நோய் இதுதான் என்று சொல்ல மாட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, மூணு வாரமா முழு மூச்சு இறங்க மாட்டேங்குது. கொட்டாவி விட்டாதான் கொஞ்சம் திருப்தி. ஈசிஜி, எக்கோ, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டர் 99 காட்டுது. பிறகு ஏன்?

தம்பி, அந்த 99-லேயே பாதி பதில் இருக்கிறது. அநேகமாக உங்களுக்குக் காற்று குறையவில்லை, கூடிப்போகிறது. பயம் வந்தால் உடம்பு ஓடத் தயாராகும், மூச்சு வேகமாகும். ஆனால் நீங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும், நெஞ்சு இறுகும். அதற்குப் பயந்து இன்னும் ஆழமாக இழுப்பீர்கள். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் எங்கே இறங்கும்? மணிக்கு ஒருமுறை மீட்டரை மாட்டிப் பார்க்கிறீர்கள் என்றால், அதை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். அந்தப் பார்வையே பயத்துக்குத் தீனி.

அந்த நேரத்துல பேப்பர் கவருக்குள்ள மூச்சு விடணுமாமே?

வேண்டாம். அது ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் ஆபத்தாகிவிடும்.

ஒரு கல்லூரிப் பெண்ணை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். இரண்டு கையிலும் விரல்கள் குவிந்து விறைத்திருந்தன. அதிகமாக மூச்சு விட்டு ரத்தத்தில் காரத்தன்மை ஏறினால் அப்படி ஆகும். அவள் அம்மா, "பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறா சிஸ்டர்" என்றார். எனக்கு இன்றைக்கும் அது வலிக்கிறது. அந்த விரல்களை யாராலும் நடித்துக் காட்ட முடியாது. டாக்டர் பார்த்து வேறு கோளாறு இல்லை என்றதும், நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இழுக்காதே கண்ணு, விடு. சூடான காபியை ஊதி ஆத்துற மாதிரி மெதுவா விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூக்கால் மூன்று எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட வேண்டும். தோள் தூக்கக் கூடாது, வயிறுதான் எழும்ப வேண்டும். கொஞ்ச நேரத்தில் கட்டை விரல் முதலில் நெகிழ்ந்தது. நீங்கள் நன்றாக இருக்கும்போதே தினமும் இரண்டு வேளை பழகி வையுங்கள். திணறும்போது புதிதாகக் கற்க வராது.

எனக்கு 42 வயசு. ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது. வீட்டுல "எல்லாம் டென்ஷன்"னு சொல்றாங்க.

வீட்டில் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருக்காதீர்கள் அம்மா. பதற்றத்தில் வரும் திணறல் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, படுக்கப்போகும்போது வரும். படியேறினால் வாங்குவது வேறு கதை. முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்பதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தைராய்டு, ஈசிஜி, நுரையீரல் ஊதும் பரிசோதனை, இவற்றையும் கேளுங்கள். இவை முடியாமல் "டென்ஷன்" என்று முத்திரை குத்தவே கூடாது.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், உதடு நீலம் பாரித்தால், மயங்கி விழுந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்துத் திடீரென மூச்சு முட்டினால், இருமலில் ரத்தம் வந்தால் 108-ஐ அழையுங்கள். பதற்றமாக இருக்குமோ என்று காத்திருக்காதீர்கள்.

மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்றாங்க. நான் என்ன பைத்தியமா?

இல்லவே இல்லை. மூச்சு உண்மை, திணறல் உண்மை. அதைக் கிளப்புவது பயம் என்றால், பயத்துக்குத்தானே வைத்தியம்? பேச்சு வழிச் சிகிச்சை நன்றாக உதவும். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், நீங்களாக நடுவில் நிறுத்தாதீர்கள். போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். முதன்முதலில் மூச்சு முட்டிய அன்று வீட்டிலோ வேலையிலோ என்ன நடந்தது என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அதைக் கேட்பார்கள்.