உடற்பயிற்சிக்குப் பின் வீட்டிலேயே கப்பிங்: வாசகர் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: கால் தசைகளுக்குப் பயிற்சி செய்த மறுநாள் படியிறங்கவே முடிவதில்லை. தோலில் கப்பைக் கவிழ்த்து உறிஞ்சவைக்கும் கப்பிங் செய்தால், தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் வெளியேறிவிடும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. லாக்டிக் அமிலம் பயிற்சி முடிந்த ஓரிரு மணி நேரத்துக்குள் தானாகவே குறைந்துவிடுகிறது. மறுநாள் வலிக்கு அது காரணம் அல்ல. ஸ்குவாட்டில் கீழே இறங்குவது, சரிவில் இறங்கி ஓடுவது போன்று தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும் அசைவுகள் பழக்கமில்லாதபோது, தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைச் சரிசெய்ய உடல் தொடங்கும் அழற்சியுமே அந்த வலியைத் தருகின்றன. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டி, அதன் பிறகு அது தணியும்.

கப் தோலையும் அதன் அடியிலுள்ள திசுவையும் மேலே இழுப்பதால் அவ்விடத்தில் இரத்த ஓட்டம் சிறிது நேரம் கூடுகிறது. இறுக்கம் தளர்ந்த உணர்வும் கிடைக்கிறது. வலி ஓரளவு குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டினாலும் அவற்றில் பல சிறியவை. கப் வைத்திருப்பதை வைத்துக்கொள்பவருக்குத் தெரியாமல் மறைக்கவும் முடியாது என்பதால், நம்பிக்கையால் விளையும் பலனைப் பிரித்தறிவது கடினம். ஆகவே, தூக்கம், போதிய புரதம், சுமையைப் படிப்படியாகக் கூட்டுதல் ஆகியவற்றை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர் கூடுதலாகச் செய்துகொள்ளும் ஓர் இதமான முறையாக மட்டுமே இதை நான் பரிந்துரைப்பேன். கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், கப்பைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது.

கேள்வி: கை பம்ப் உள்ள பிளாஸ்டிக் கப்களை வாங்கியிருக்கிறேன். எங்கே, எவ்வளவு நேரம் வைக்கலாம்?

பதில்: தொடை, ஆடுதசை, மேல்முதுகு போன்ற சதைப்பற்றுள்ள இடங்களே ஏற்றவை. முதுகெலும்பின் மேலும், கழுத்தின் முன்பக்கத்திலும், முழங்காலின் பின்குழியிலும், தொடை இடுக்கிலும் வைக்காதீர்கள். தோலைக் கழுவித் துடைத்து, சிறிது எண்ணெய் தடவி, ஓரிரு முறை மட்டும் பம்ப் செய்து, முதல் தடவை 3 முதல் 5 நிமிடத்துடன் நிறுத்துங்கள். பழகிய பிறகும் 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நேரம் நீண்டால் கொப்புளம் வரும் என்பதால், கப்புடன் தூங்கிவிடக் கூடாது. கூர்மையான வலியோ மரத்துப்போதலோ தோன்றினால் உடனே வால்வைத் திறந்துவிடுங்கள். சுளுக்கோ தசைக் கிழிவோ ஏற்பட்ட புதிதில் அவ்விடத்தில் வைக்கவே வேண்டாம். நெருப்பு வைத்துச் செய்யும் முறையும், தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் ஹிஜாமாவும் வீட்டில் செய்யத் தக்கவை அல்ல.

கேள்வி: தழும்பு கறுப்பாக வந்தால் அதிக நச்சு வெளியேறியது என்று பொருளா?

பதில்: 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோள்களில் உலகமே பார்த்த அந்த வட்டங்கள், உறிஞ்சுவிசையால் நுண் இரத்தக்குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் கசிந்த இரத்தமே. விசையும் நேரமும் கூடினால் நிறமும் கறுக்கும். அதில் நச்சு எதுவும் இல்லை. சில நாள்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும் என்றாலும், நம் தோல் நிறத்தவர்க்குப் பழுப்புத் திட்டு இன்னும் நாள்பட நிற்கலாம். தழும்பு முற்றிலும் மறையும் வரை அதே இடத்தில் மீண்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, இரத்தம் உறையாமலிருக்க க்ளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் நடக்கும்போது ஆடுதசை வலிக்கிறது என்கிறார். நானே கப் வைத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்றவற்றை எடுப்பவர்களுக்குத் தோலுக்கடியில் இரத்தக் கசிவு மிகுதியாகும்; கப் வைப்பதற்காக மாத்திரையை நிறுத்துவதோ அதைவிட ஆபத்தானது. மேலும், நடந்தால் வந்து நின்றால் தணியும் ஆடுதசை வலி, கால் தமனி அடைப்பின் அறிகுறியாக இருக்கக்கூடும். ஒரே காலில் வீக்கமும் சூடும் சேர்ந்தால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். தசை வலி என்று எண்ணிப் பொறுத்திருக்காமல், இந்த வாரமே அவருடைய இதய மருத்துவரிடம் காட்டிக் காலின் இரத்த ஓட்டத்தைப் பரிசோதியுங்கள். வீக்கமும் இருந்தால் இன்றே அழைத்துச் செல்லுங்கள்.