உன் தரப்பில் உனக்கு உறுத்துவது என்ன?

கேள்வி: அரசியல் பேச்சு வந்தாலே எங்கள் வீட்டில் அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொள்கிறார்கள். உலகமெங்கும் இதே கதைதான். உளவியல் நிபுணர்கள் முன்வந்து, வெறி பிடித்த அந்தத் தரப்பாருக்கு ஆலோசனை கொடுத்தால் நிலைமை மாறாதா?

பதில்: 'வெறி பிடித்த அந்தத் தரப்பார்' என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. அவர்களைக் கேட்டால் உங்கள் பக்கம் கை நீட்டி இதே வார்த்தையைச் சொல்வார்கள். மாற்றுக் கருத்து நோய் அல்ல. அதற்கு மருந்துச் சீட்டு எழுத எந்த நிபுணருக்கும் உரிமை கிடையாது.

எழுதப்போய்ச் சூடுபட்ட கதை உண்டு. 1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் பேரி கோல்ட்வாட்டர் நின்றபோது, 'ஃபேக்ட்' என்ற பத்திரிகை 12,000-க்கும் மேற்பட்ட மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டு, அதிபராக இருக்க இவருக்கு மனத்தகுதி உண்டா என்று கேட்டது. இல்லை என்று எழுதியவர்கள் 1,189 பேர். அவரை எதிரே உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்காமலே இந்தத் தீர்ப்பு! கோல்ட்வாட்டர் அந்தப் பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போட்டு வென்றார். நேரில் பரிசோதிக்காத பொதுமனிதரைப் பற்றி மருத்துவர் என்ற தகுதியில் கருத்துச் சொல்லக்கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் விதியே வகுத்தது. அந்த விதியை உலகத்து உளவியலாளர் அத்தனை பேரும் மதிக்க வேண்டும் என்பேன்.

அப்படியானால் அவர்களுக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. கணவன் மனைவி பிணக்கைத் தீர்த்துப் பழகிய குடும்ப ஆலோசகர் பில் டோஹர்ட்டி, 2016 தேர்தல் முடிந்த சூட்டோடு ஒஹாயோ மாநிலத்தில் டிரம்ப் ஆதரவாளர் 10 பேரையும் கிளிண்டன் ஆதரவாளர் 11 பேரையும் ஒரே அறையில் சேர்த்தார். இதிலிருந்து வளர்ந்த பயிற்சியில் ஒரு கட்டம் என்னை மிகவும் ஈர்த்தது. ஒரு தரப்பார் நடுவில் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். மறுதரப்பார் சுற்றிலும் அமர்ந்து வாய் திறக்காமல் கேட்க வேண்டும். பேசுகிறவர்களுக்கு இரண்டே கேள்விகள். உங்கள் கொள்கை நாட்டுக்கு ஏன் நல்லது? உங்கள் தரப்பிலேயே உங்களுக்கு உறுத்துவது என்ன? இரண்டாவது கேள்விக்கு ஒருவர் தயங்கித் தயங்கி பதில் சொல்லும்போது, எதிரி என்று நினைத்தவர் தன்னைப் போலவே சந்தேகங்களோடு வாழ்கிறார் என்பது கேட்பவருக்குப் புரிகிறது. எத்தனை பட்டிமன்றம் நடத்தினாலும் இது கிடைக்காது.

ஆனால் அளவுக்கு மீறி நம்பிவிடவும் கூடாது. 32,000-க்கும் அதிகமான அமெரிக்கர்களிடம் 25 வழிமுறைகளைச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. பெரும்பாலானவை கட்சிப் பகையைக் குறைத்தன. தன் கட்சி ஜனநாயக நெறியை மீறினாலும் பரவாயில்லை என்ற எண்ணத்தைக் குறைத்தவையோ சிலதான். பகையைக் கிளறி ஓட்டு வாங்குகிற தலைவரையும், அதைக் காட்டிக் காசு பார்க்கிற தொலைக்காட்சியையும் எந்த ஆலோசனை அறையிலும் உட்காரவைக்க முடியாது. அவர்களைத் தட்டிக்கேட்க வேண்டியவர்கள் வாக்காளர்களும் பத்திரிகைகளும், நான் உட்பட.

உங்கள் அண்ணனிடமும் தம்பியிடமும் அந்த இரண்டாவது கேள்வியைத் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால், அதே கேள்விக்கு உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதலில் அதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.